முதல் டெனர் ஆல்பம் எது? பவரொட்டியா, டொமிங்கோவா, பொசெல்லியா, மூவர் கச்சேரியா?

"ஓபரா கேட்டுப் பழக்கமில்லை, ஆனால் ஒரு நல்ல டெனர் ஆல்பம் வாங்கவேண்டும், எதை வாங்கலாம்?" இந்தக் கேள்வி இரண்டே மாதத்தில் மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது. ஒருவர் ஓய்வு பெறப்போகும் தன் மேலதிகாரிக்குப் பரிசு தேடுகிறார். இன்னொருவர் 'நெஸ்ஸூன் தோர்மா'வை ஏதோ ஒரு ரீல்ஸில் கேட்டுவிட்டுத் தூக்கம் வராமல் கிடக்கிறார் (அந்தப் பாட்டின் பொருளே 'யாரும் தூங்கக்கூடாது' என்பதுதான், ஆக பாட்டு ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது). மூன்றாமவர் புதிதாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறார், அதற்குத் தீனி வேண்டுமாம்.

மூவரும் தேடிப் போய் மாட்டிக்கொண்ட இடம் ஒன்றுதான். மூத்த பாடகர்களின் ஆண்டு நிறைவு ஆல்பங்களும் 'சிறந்த பாடல்கள்' தொகுப்புகளும். அட்டையில் வெள்ளைத்தாடி, கருப்புக் கோட்டு, பொன்னெழுத்தில் 30 என்றோ 50 என்றோ ஒரு எண். எல்லாம் ஒரே மாதிரி தெரியும். உள்ளே இருப்பது ஒரே மாதிரி இல்லை.

ஒரு சின்ன விஷயம். டெனர் என்பது உச்ச ஸ்வரங்களைப் பாடும் ஆண்குரல் வகை. ஓபராவில் (பாட்டாலேயே கதை சொல்லும் மேற்கத்திய இசைநாடகம்) ஒரு பாத்திரம் தனியாக நின்று பாடும் பாட்டை ஆரியா என்று எழுதுகிறேன். ஏரியா என்று எழுதினால் கவுன்சிலர் ஞாபகம் வருகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

எத்தனை வயதுக் குரல்? மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம், ஆனால் அட்டையில் இது மட்டும்தான் பெரிய எழுத்தில் இருக்காது. நம் கச்சேரிப் பாடகர் வயது ஏற ஏற சுருதியை அரைக் கட்டை, ஒரு கட்டை என்று இறக்கிக்கொள்வார், பக்கவாத்தியமும் கூடவே இறங்கிவிடும், அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. ஓபராவில் சுருதி இசையமைப்பாளர் தாளில் எழுதிவைத்தது. பெரிய ஆர்கெஸ்ட்ரா முழுக்க அந்தத் தாளைப் பார்த்து வாசிக்க, அதற்கு மேலே, மைக் இல்லாமல், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி பாடவேண்டும். இறக்கிப் பாடுவதே கிடையாது என்று சொல்லமாட்டேன். பூச்சினி இசையமைத்த 'லா போயெம்' ஓபராவில் நாயகன் ரொடோல்போ பாடும் 'கே ஜெலிதா மனீனா' ஆரியாவை அரை ஸ்வரம் இறக்கிப் பாடுவது மேடைகளில் சகஜம்தான். ஆனால் மொத்தத்தில் டெனர் குரல் என்பது உச்சியில் வாழும் குரல், வயது முதலில் கைவைப்பதும் அந்த உச்சியில்தான். ஆகவே 'ஆண்டு நிறைவு' என்று போட்டிருந்தால் முதலில் கேட்கவேண்டியது: இது பழைய பதிவுகளின் தொகுப்பா, இல்லை மூத்த வயதில் புதிதாகப் பாடியதா?

ஆரியாவா, பாட்டா? இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பாடல்கள், ஸ்பானியப் பாடல்கள், பாப் இணைப்பாடல்கள் எல்லாம் 'டெனர் ஆல்பம்' என்ற ஒரே குடைக்குள் வருகின்றன. பாட்டு முதல் தடவையிலேயே பிடித்துப்போகும். ஆரியாவுக்குக் கொஞ்சம் கதை தெரியவேண்டும்.

சொல் புரிய வழி உண்டா? வரிகளும் மொழிபெயர்ப்பும் உள்ள சிறு புத்தகம் கூட வருகிறதா என்று பாருங்கள். பாப் பாட்டுக்கு இது தேவையில்லை, முழு ஓபராவுக்கு இல்லாமல் முடியாது.

எங்கே கேட்கப் போகிறீர்கள்? ஓபராவில் மெல்லிய இடத்துக்கும் முழங்கும் இடத்துக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்குமான தூரம். பஸ்ஸில் ஹெட்போன் போட்டுக் கேட்டால் பாதி நேரம் ஒன்றும் காதில் விழாது, சத்தத்தைக் கூட்டிவைத்தால் அடுத்த நிமிடம் காது கிழியும்.

## பவரொட்டி: 50 சிறந்த பதிவுகளின் தொகுப்பு

டெக்கா நிறுவனம் 2013-ல், அதாவது லூசியானோ பவரொட்டி இறந்து 6 ஆண்டுக்குப் பிறகு, வெளியிட்டது. ஆரியாக்கள், நேப்பிள்ஸ் பாடல்கள், பாப் பாடகர்களோடு சேர்ந்து பாடியவை எல்லாம் இதில் உண்டு.

இதன் பலம் மேலே சொன்ன முதல் அளவுகோலில் இருக்கிறது. பெரிய ஆரியாக்கள் பெரும்பாலும் அவருடைய உச்ச காலமான 1960, 70-களில் ஸ்டுடியோவில் பதிவானவை. 'நெஸ்ஸூன் தோர்மா' 1972-ல் ஜூபின் மேத்தா லண்டன் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, 'தூரந்தோத்' ஓபரா முழுவதையும் பதிவுசெய்தபோது பாடியது. பவரொட்டிக்கு அப்போது வயது 36. இதே பதிவைத்தான் பிபிசி 1990 உலகக்கோப்பைக் கால்பந்துக்கு முகப்பிசையாகப் போட்டது, 18 வருடப் பழைய ஆரியா பிரிட்டிஷ் பாப் பட்டியலில் 2-ம் இடம் வரை ஏறியது. கடைசியில் வரும் 'வின்செரோ' ('வெல்வேன்') என்ற சொல்லில் அவர் ஏறி நிற்கும் அந்த ஸ்வரத்தில் முயற்சி என்று எதுவும் தெரியாது, கதவைத் திறந்தால் வெளிச்சம் வருவதுபோல வரும்.

இன்னொரு புதையலும் இதில் உண்டு. 1961 ஏப்ரல் 29 அன்று ரெஜ்ஜோ எமிலியா ஊரில் 'லா போயெம்' ஓபராவின் ரொடோல்போவாக அவர் முதன்முதலில் மேடையேறினார். அந்த 1961 'கே ஜெலிதா மனீனா' பதிவு இந்தத் தொகுப்போடுதான் முதலில் வெளிவந்தது. மோடெனா ஊர் ரொட்டிக்கடைக்காரர் மகன், 25 வயது. அப்பா பெர்னாண்டோவும் டெனர்தான், மேடை பயத்தால் தொழிலாக எடுத்துக்கொள்ளாதவர். ஒலித்தரம் சுமார்தான். குரல் சுமார் இல்லை.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், 50 துண்டுகளும் துண்டுகளாகவே இருக்கின்றன. ஒரு ஓபராவில் அழுதுகொண்டிருக்கும் ஆள் அடுத்த தடத்தில் நேப்பிள்ஸ் சூரியனைப் புகழ்கிறான், அதற்கடுத்து ராக் பாடகர் ஒருவர் வந்து நிற்கிறார். தொடர்ந்து 10 தடம் கேட்டால் உச்ச ஸ்வரம் அலுத்துவிடும், கல்யாண வீட்டில் ஐந்தாவது ஜாங்கிரி மாதிரி. ஒரு தடவைக்கு நான்கைந்து போதும்.

யாருக்கு நல்லது: நெஸ்ஸூன் தோர்மா நண்பருக்கு, கண்ணை மூடிக்கொண்டு இதுதான். அவருக்கு வேண்டியது அந்தக் குரல், அந்த வயதில்.

## டொமிங்கோ: 'வெர்டி', 72 வயதில்

இது ஆண்டு நிறைவு ஆல்பம்தான், ஆனால் பாடகருக்கு இல்லை, இசையமைப்பாளருக்கு. ஜுசெப்பே வெர்டி பிறந்து 200 ஆண்டு ஆன 2013-ல் சோனி வெளியிட்டது. பிளாசிடோ டொமிங்கோ பிறந்தது 1941-ல்.

வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ளவேண்டிய ஒரு விஷயம் உண்டு, அட்டையில் இவர் முகத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது: இது டெனர் ஆல்பமே இல்லை. உலகப் புகழ்பெற்ற டெனர் ஒருவர், டெனரைவிடக் கீழே ஒலிக்கும் ஆண்குரலான பாரிடோனுக்கு எழுதிய ஆரியாக்களைப் பாடிய ஆல்பம். 'மாக்பெத்', 'ரிகோலெத்தோ', 'லா திராவியாதா', 'சிமோன் போக்கனெக்ரா' என்று எல்லாம் தந்தைகள், அரசர்கள், வஞ்சிக்கப்பட்ட முதியவர்கள். 2009-ல் பெர்லினில் சிமோன் போக்கனெக்ராவாக மேடையேறியதிலிருந்து அவர் இந்தப் பக்கம் நகரத் தொடங்கிவிட்டார். ஒரு வகையில் வீடு திரும்புதலும்கூட. மாட்ரிட்டில் பிறந்து, ஜர்ஜுவேலா என்ற ஸ்பானிய இசைநாடகக் குழு நடத்திய பெற்றோரோடு சிறுவயதில் மெக்சிகோ போனவர், தொடக்கத்தில் பாரிடோனாகத்தான் பாடினார். மெக்சிகோ ஓபராவில் குரல் தேர்வுக்குப் போனபோது, நீ டெனர் பாடிப் பார் என்று சொன்னார்கள்.

சரி, கேட்க எப்படி இருக்கிறது? என் கருத்தைச் சொல்கிறேன், பலர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். பாரிடோனுக்கு வேண்டிய அடிக்கனம் இவரிடம் இல்லை. ஸ்வரம் கீழே இருக்கிறது, நிறம் டெனர் நிறமாகவே இருக்கிறது. ரிகோலெத்தோவின் கோபத்தில் இது உறுத்துகிறது. ஆனால் சொல்லை எடுத்து வைக்கும் விதம், எங்கே மூச்சு விடுவது, எந்த எழுத்தில் அழுத்துவது என்பதெல்லாம் 150-க்கு மேல் பாத்திரங்கள் ஏற்ற அனுபவம். 'மாக்பெத்'தில் தோல்வி தெரிந்துவிட்ட அரசன், வயதான காலத்தில் மரியாதையும் அன்பும் தனக்குக் கிடைக்கப்போவதில்லை என்று பாடும் ஆரியாவை ஒரு 72 வயது மனிதர் பாடுவதைக் கேட்கும்போது குரலின் குறை குறையாகத் தெரியவில்லை. 36 வயது பவரொட்டியிடம் இது கிடைக்காது.

இன்னொன்றையும் எடைபோட வேண்டியிருக்கிறது. 2019-ல் பல பெண்கள் இவர்மீது பாலியல் சீண்டல் புகார் சொன்னார்கள், அதைத் தொடர்ந்து லாஸ் ஏஞ்சலஸ் ஓபராவின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் பெறுகிறவர் இதை எப்படி எடுத்துக்கொள்வார் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு நல்லது: டொமிங்கோவின் பழைய பதிவுகளை ஏற்கனவே கேட்டவர்களுக்கு. முதல் ஆல்பமாக வேண்டவே வேண்டாம்.

## பொசெல்லி: 30-ம் ஆண்டு 'டூயட்ஸ்'

1994-ல் சான்ரெமோ பாட்டு விழாவின் புதியவர்கள் பிரிவில் ஆந்திரேயா பொசெல்லி வென்றார். அதிலிருந்து 30 ஆண்டு கணக்குப் போட்டு 2024-ல் வந்த இணைப்பாடல் தொகுப்பு இது. எட் ஷீரன், செலின் டியோன் என்று பெரிய பட்டியல். பழைய பதிவும் புதுப் பதிவும் கலந்து கிடக்கிறது, ஆகவே ஒரு பாட்டில் 40 வயதுக் குரல், இன்னொன்றில் 60-ஐத் தாண்டிய குரல்.

ஓபரா ரசிகர்கள் பொசெல்லி பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். காரணம் முழுக்க வீம்பு இல்லை. அவர் ஓபரா மேடையில் வளர்ந்தவர் இல்லை, அவருடைய குரல் மைக்கை நம்பி அழகாக இருக்கும் குரல். அதற்காக ஓபராவையே தொடாதவர் என்றும் சொல்லமுடியாது: 1998-ல் சார்தினியாவின் கல்யாரி நகரில் ரொடோல்போவாக நடித்துப் பாடியிருக்கிறார், 12 வயதில் பார்வையை முழுக்க இழந்தவருக்கு மேடை நடிப்பு எத்தனை கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். பவரொட்டியோடு இவருக்குள்ள தொடர்பும் சுவையானது. 1992-ல் இத்தாலிய ராக் பாடகர் சூக்கெரோ, 'மிசெரேரே' என்ற பாட்டைப் பவரொட்டியைப் பாட வைப்பதற்காக ஒரு மாதிரிப் பதிவு எடுத்தார். அதில் டெனர் பகுதியைப் பாடியது அப்போது யாருக்கும் தெரியாத பொசெல்லி. பவரொட்டி அதைக் கேட்டு அசந்துபோனார். கடைசியில் வெளிவந்த பதிவில் பவரொட்டி பாடினார், மேடைச் சுற்றுப்பயணத்துக்குச் சூக்கெரோ பொசெல்லியைக் கூட்டிக்கொண்டு போனார்.

இந்த ஆல்பத்தின் மறைமுகச் செலவு வேறு மாதிரி. 'டெனர்' என்று நினைத்து வாங்கினால் ஆரியா அதிகம் கிடைக்காது, பொசெல்லியே கூடப் பாதிதான் கிடைப்பார். மீதிப் பாதி கூடப் பாடும் ஆளுக்கு. பொசெல்லி மட்டும் போதும் என்றால் 1997-ல் வந்த 'ரொமான்ஸா' இதைவிட நல்ல தேர்வு, குரலும் இளசு.

யாருக்கு நல்லது: ஓய்வு பெறும் மேலதிகாரிக்கு. சத்தியமாகச் சொல்கிறேன். ஓபராவில் ஆர்வம் உண்டா இல்லையா என்று தெரியாத ஒருவருக்குக் கொடுக்கும்போது அவர் காரில் போட்டுக் கேட்கக்கூடியதைக் கொடுப்பதுதான் மரியாதை.

## மூவர் கச்சேரி: ரோம், 1990

ஹோஸே கரேராஸ், டொமிங்கோ, பவரொட்டி மூவரும் 1990 ஜூலை 7 அன்று, உலகக்கோப்பை இறுதியாட்டத்துக்கு முந்தின இரவு, ரோமின் பழைய கரகல்லா குளியல் மண்டப இடிபாடுகளில் பாடியது. இது ஆண்டு நிறைவு இல்லை, ஒரு ஆள் உயிரோடு திரும்பி வந்ததற்கான விழா. கரேராஸுக்கு 1987-ல் ரத்தப் புற்றுநோய். 1988-ல் மேடைக்குத் திரும்பினார், அதே ஆண்டு நோய் ஆராய்ச்சிக்காக அறக்கட்டளை தொடங்கினார், அதற்கு நிதி திரட்டத்தான் மற்ற இருவரும் வந்து நின்றார்கள். நடத்தியது, மறுபடியும், நம் பம்பாய்க்காரர் ஜூபின் மேத்தா.

பவரொட்டிக்கும் டொமிங்கோவுக்கும் அப்போது ஏறக்குறைய 50 வயது. குரல் இறங்கத் தொடங்கியிருக்கலாம், உற்சாகத்தில் அது மூடிப்போகிறது. 'ஓ சோலே மீயோ'வில் ஒருவர் பண்ணிய குறும்பை மற்ற இருவரும் திருப்பிப் பண்ணிக் காட்டும் இடம் இருக்கிறதே, நம் கச்சேரிகளில் தனியாவர்த்தனத்தின்போது கஞ்சிராவும் கடமும் ஒன்றையொன்று சீண்டுவது மாதிரி. ஆனால் திறந்தவெளி, மைக், ஒலிபெருக்கி. புது ஸ்பீக்கரைச் சோதிக்க இது உதவாது. நடுவில் வரும் பல மொழிப் பாட்டுகளின் நீண்ட கதம்பம் இன்று கேட்டால் கொஞ்சம் தூர்தர்ஷன் புத்தாண்டு நிகழ்ச்சி மாதிரிதான் இருக்கிறது.

வாங்கும்போது கவனம்: இதே மூவர் 1994-ல் லாஸ் ஏஞ்சலஸ், 1998-ல் பாரிஸ், 2002-ல் யோகஹாமா என்று உலகக்கோப்பைதோறும் பாடினார்கள். ரோம், 1990 என்று அட்டையில் இருப்பதை மட்டும் வாங்குங்கள். முடிந்தால் ஒலியாக வாங்காமல் வீடியோவாகப் பாருங்கள், பவரொட்டியின் வெள்ளைக் கைக்குட்டை இல்லாமல் அந்தக் கச்சேரி பாதிதான்.

## இவை எதுவுமே வேண்டாம் என்றால்

ஸ்பீக்கர் வாங்கியவருக்கு நான் சொன்னது தொகுப்பு எதையுமே இல்லை. ஒரு முழு ஓபரா: 'லா போயெம்', கராயன் பெர்லின் பில்ஹார்மோனிக்கை நடத்த, 1972 அக்டோபரில் டெக்கா பதிவுசெய்தது. நாயகன் ரொடோல்போவாகப் பவரொட்டி, நாயகி மிமியாக மிரெல்லா ஃப்ரேனி. இருவரும் அதே மோடெனாவில் அதே 1935-ல் பிறந்தவர்கள், இருவரின் அம்மாக்களும் ஒரே புகையிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அந்தப் பழக்கம் குரலில் தெரிகிறது என்று சொன்னால் கதை கட்டுகிறேன் என்பீர்கள், கேட்டுப் பாருங்கள்.

இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தொகுப்பில் தனியாகக் கேட்ட 'கே ஜெலிதா மனீனா' இதில் இருட்டறையில் சாவியைத் தேடும்போது கை தட்டுப்படுகிற இடத்தில் வருகிறது, 'என்ன குளிர்ந்த சின்னக் கை' என்று. அந்தக் கை ஏன் குளிர்ந்திருந்தது என்பது கடைசிக் காட்சியில்தான் உறைக்கும். எந்த ஆண்டு நிறைவுத் தொகுப்பாலும் இதைத் தரமுடியாது. செலவு: உட்காரவேண்டும், வரிகளைப் பார்த்துக்கொண்டே கேட்கவேண்டும், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்று போகும்.

## ஒரே பார்வையில்

| ஆல்பம் | குரலின் வயது | ஆரியாவா, பாட்டா | உறுத்தும் இடம் | யாருக்கு |
|---|---|---|---|---|
| பவரொட்டி 50 | பெரும்பாலும் இளமை, கடைசிக்காலமும் உண்டு | இரண்டும் | துண்டு துண்டு | முதல் தடவை கேட்பவர் |
| டொமிங்கோ 'வெர்டி' | 70-ஐத் தாண்டியது | ஆரியா மட்டும் | டெனர் பகுதியே இல்லை | பழைய ரசிகர் |
| பொசெல்லி 'டூயட்ஸ்' | கலவை | பெரும்பாலும் பாட்டு | பாதி நேரம் வேறு ஆள் | பரிசுக்கு |
| ரோம் 1990 | நடு வயது | இரண்டும் | மைக், கதம்பம் | வீடியோவாக, குடும்பத்தோடு |
| 'லா போயெம்' 1972 | உச்சம் | முழு ஓபரா | நேரம் | பொறுமையுள்ளவர் |

## சிடியா, ஸ்ட்ரீமிங்கா

ஸ்ட்ரீமிங்கில் இவை எல்லாம் கிடைக்கும், தனியாகக் காசும் இல்லை. ஆனால் அங்கே ஒரு பெரிய சிக்கல்: ஆல்பத்தின் பக்கத்தில் காட்டும் ஆண்டு பெரும்பாலும் வெளியீட்டு ஆண்டு, பதிவான ஆண்டு இல்லை. 2013 என்று போட்டிருக்கும், உள்ளே 1972 பதிவு இருக்கும். அதேபோல இளமைப் படத்தை அட்டையில் போட்டு உள்ளே கடைசிக்காலப் பதிவை வைத்ததும் உண்டு. நான் முதன்முதலில் ஒரு கடையில் வாங்கிய பவரொட்டி சிடியில் பதிவான ஆண்டு எங்குமே அச்சாகவில்லை, வீட்டுக்கு வந்து போட்டால் ஏதோ ஒரு திறந்தவெளி நிகழ்ச்சியின் கைதட்டலுக்கு நடுவே அவர் தூரத்தில் பாடிக்கொண்டிருந்தார். ஒரு வருடம் அதையே கேட்டு, இதற்கா இத்தனை பேர் உருகுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம், செயலியில் எல்லாத் தடங்களின் சத்தத்தையும் சமமாக்கும் வசதி இருக்கும், ஓபராவுக்கு அதை அணைத்துவிடுங்கள். ஷஃபிளையும் சேர்த்துத்தான்.

சிடி வாங்கினால் வரிகளும் மொழிபெயர்ப்பும் உள்ள புத்தகம் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மலிவு மறுபதிப்புகளில் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். அனுப்பும் செலவு சில சமயம் சிடி விலையைத் தாண்டிவிடும். லேப்டாப்பில் சிடி போடும் இடமே இப்போது கிடையாது என்பதும் பலருக்குப் பார்சல் வந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது.

வயது விஷயத்தில் நான் ஏன் இப்படித் தொங்குகிறேன் என்று கேட்டால், 2006 பிப்ரவரி 10 அன்று டூரின் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவைப் பாருங்கள். பவரொட்டிக்கு 70 வயது. 'நெஸ்ஸூன் தோர்மா' பாடினார், உலகமே கைதட்டியது. அவருடைய கடைசிப் பொது நிகழ்ச்சி அது. உடல்நிலை, குளிர் காரணமாக அது முன்கூட்டியே பதிவுசெய்யப்பட்டது, மேடையில் உதட்டசைவு மட்டும்தான் என்று அன்று இசை நடத்திய லியோனே மஜேரா பின்னால் சொல்லிவிட்டார். எனக்கு அதில் அவர்மேல் கோபம் இல்லை.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம், 10 நிமிடம் போதும். 1961 'கே ஜெலிதா மனீனா'வை முதலில் கேளுங்கள், உடனே கராயன் பதிவிலிருந்து அதையே கேளுங்கள். 'ஸ்பெரான்ஸா' ('நம்பிக்கை') என்ற சொல்லில் குரல் உச்சிக்கு ஏறும் இடத்தை மட்டும் கவனியுங்கள். முதலாவதே பிடித்திருந்தால் தொகுப்பை வாங்குங்கள். இரண்டாவது முடிந்ததும் மிமி என்ன பதில் சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ளத் தோன்றினால் முழு ஓபராவை வாங்குங்கள்.